வீத விதியிலிருந்து பொறிமுறைக்கு: செய்முறையும் கணக்கும், தொடக்கம் முதல் முடிவு வரை

ஒரு தாக்கம் எத்தனை படிகளில் நடக்கிறது என்பதை யாரும் கண்ணால் காண்பதில்லை. நம்மால் அளக்கக்கூடியது வேகம் மட்டுமே. எந்தச் செறிவை மாற்றினால் வேகம் எப்படி மாறுகிறது என்று அளந்து வீத விதியை எழுதுகிறோம். அந்த விதிக்கு எந்தப் பொறிமுறை பொருந்தும், எது பொருந்தாது என்பது அதற்குப் பிறகுதான். உயர்தர மாணவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சமன்பாட்டைப் பார்த்து விதியை எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி பெறுபேறுகளை வளைக்கப் பார்க்கிறார்கள். கீழே உள்ள ஒழுங்கில் போனால் அந்தத் தொல்லை இல்லை.

செய்முறைக்கு அசற்றோனும் அயடீனும் அமில ஊடகத்தில் தாக்குவதை எடுத்துக்கொள்வோம். பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். சமன்பாட்டுக்கும் வீத விதிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தாக்கம் எளிதில் கிடைக்காது.

1. முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டியவை

கரைசல்கள் மூன்று, ஒவ்வொன்றும் 250 மில்லிலீற்றர்:

- அசற்றோன், லீற்றருக்கு 4.0 மூல். தூய அசற்றோன் 73.5 மில்லிலீற்றரை எடுத்து நீரால் 250 வரை நிரப்புங்கள்.
- ஐதரோக்குளோரிக் அமிலம், லீற்றருக்கு 1.0 மூல். செறிந்த அமிலம் ஏறத்தாழ 21 மில்லிலீற்றர் வேண்டும். நீருக்குள் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்துக்குள் நீரை அல்ல. நெடுநாள் திறந்து மூடிய போத்தல் என்றால் செறிவு தெரிந்த காரத்தால் நியமித்துச் செறிவைச் சரிபாருங்கள்.
- அயடீன், லீற்றருக்கு 0.0050 மூல். 3.17 கிராம் அயடீனையும் 10 கிராம் பொற்றாசியம் அயடைட்டையும் மிகக் குறைந்த நீரில் முதலில் கரைத்து, பிறகு 250 மில்லிலீற்றராக்குங்கள். அதில் 25 மில்லிலீற்றரை எடுத்து மீண்டும் 250 ஆக்கினால் தேவையான செறிவு வரும்.

அயடீனை நேரே ஒரு முகவை நீரில் போட்டால் கரையாமல் அடியில் கிடக்கும். கரைந்துவிட்டது என்று நினைத்து வடித்தெடுத்தால் செறிவு பொய்யாகிவிடும், அதன் பின் வரும் எல்லாக் கணக்கும் பொய்யாகும். அயடைட்டு அயனோடு சேர்ந்துதான் அயடீன் நன்றாகக் கரைகிறது.

இவற்றோடு அளவிகள், கூம்புக் குடுவைகள், வெப்பமானி, நிறுத்தற் கடிகாரம், வெள்ளைத்தாள், அகன்ற நீர்த்தொட்டி ஆகியன வேண்டும். அசற்றோன் மிக எளிதில் தீப்பற்றும். விளையும் அயடோ அசற்றோன் கண்ணைக் கரிக்கும். குளிர் என்று யன்னலைச் சாத்தாதீர்கள்.

2. சமன்பாட்டைச் சற்று மறந்துவிடுங்கள்

சமன்பாட்டில் ஓர் அசற்றோன், ஓர் அயடீன், அவ்வளவுதான். அமிலம் தாக்கிகளின் பக்கத்தில் இல்லவே இல்லை. பீசமானக் குணகங்களை, அதாவது சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நிற்கும் எண்களை, அடுக்காக வைத்து எழுதினால் வீதம் = க [அசற்றோன்] [அயடீன்] என்று வரும் (க வீத மாறிலி, சதுர அடைப்பு செறிவைக் குறிக்கும்). இது பிழை. ஏன் பிழை என்று பரிசோதனை காட்டும்.

குணகத்தை அடுக்காக எழுத ஓரிடத்தில் மட்டும் அனுமதி உண்டு: ஒரே மோதலில் நடந்து முடியும் தனிப்படித் தாக்கத்தில். மொத்தச் சமன்பாடு அப்படி ஒரே படியா என்பதுதான் இன்னும் தெரியாதே. மூலக்கூற்றுத்திறன், அதாவது ஒரு படியில் பங்குகொள்ளும் துணிக்கைகளின் எண்ணிக்கை, ஒரு தனிப்படிக்கு உரியது, எப்போதும் முழு எண். தாக்க வரிசை, அதாவது வீத விதியில் செறிவின் மேல் நிற்கும் அடுக்கு, மொத்தத் தாக்கத்துக்கு உரியது, அளந்தே அறிய வேண்டியது. அது பூச்சியமாகலாம், பின்னமாகலாம், மறையாகவும் வரலாம்.

3. நான்கு ஓட்டங்கள், மாறாத மொத்தக் கனவளவு

ஒவ்வோர் ஓட்டத்திலும் மொத்தம் 50 மில்லிலீற்றர். கனவளவுகளை அசற்றோன், அமிலம், அயடீன், நீர் என்ற ஒழுங்கில் தருகிறோம்:

- ஓட்டம் 1: 10, 10, 10, 20
- ஓட்டம் 2: 20, 10, 10, 10
- ஓட்டம் 3: 10, 20, 10, 10
- ஓட்டம் 4: 10, 10, 20, 10

நீர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நீரைக் குறைத்து மொத்தத்தை 50 இல் நிறுத்தாவிட்டால், அசற்றோனை இரட்டிக்கும்போது மற்ற இரண்டின் செறிவும் சேர்ந்து குறையும். ஒரே நேரத்தில் மூன்று செறிவுகள் மாறினால் எது என்ன செய்தது என்று பிரித்தறிய முடியாது.

ஓட்டம் 1 இல் கலந்தபின் செறிவுகள், லீற்றருக்கு மூலில்: அசற்றோன் 0.80, அமிலம் தரும் ஐதரசன் அயன் 0.20, அயடீன் 0.0010. அயடீன் வேண்டுமென்றே இவ்வளவு குறைவு. அது முழுவதும் தீர்ந்தாலும் மற்ற இரண்டும் அசையாமல் அப்படியே இருக்கும். தாக்கத்தில் புதிதாக வரும் ஐதரசன் அயனும் 0.20 க்கு முன்னால் பொருட்டல்ல.

4. வெப்பநிலை: மலையகத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான்

இந்தத் தாக்கத்தின் ஏவற்சக்தி, அதாவது தாக்கம் நடக்கத் தாண்ட வேண்டிய சக்தித் தடை, மூலுக்கு ஏறத்தாழ 86 கிலோயூல். அதாவது அறை வெப்பநிலைக்கு அண்மையில் ஒரு பாகை மாறினாலே வீதம் 12 சதவீதம் அளவுக்கு மாறும். கொழும்பில் ஆய்வுகூட வெப்பநிலை நாள் முழுதும் பெரிதாக அசையாது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ காலைப் பாடவேளைக்கும் மதியப் பாடவேளைக்கும் இடையில் நான்கு ஐந்து பாகை ஏறுவது சாதாரணம்.

அதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். ஓட்டம் 1 காலையில் 18 பாகையில், ஓட்டம் 3 மதியம் 22 பாகையில் நடந்தது என்போம். அமிலம் இரட்டித்ததால் வீதம் 2 மடங்கு, வெப்பத்தால் 1.6 மடங்கு, சேர்ந்து 3.2 மடங்கு. வரிசை கணித்தால் 1.7 வரும். அதை 2 ஆக்கி, இரண்டு ஐதரசன் அயன்கள் சேரும் பொறிமுறை ஒன்றையும் எழுதிவிடுவார்கள். இரசாயனத்தில் பிழையே இல்லை, வெயில்தான் ஏறியிருக்கிறது.

ஆகவே நான்கு ஓட்டங்களையும் ஒரே இருப்பில், ஒரே வெப்பநிலையில் முடியுங்கள். தொட்டி நீரை 25 பாகைக்குக் கொண்டுவந்து, குடுவைகளையும் அயடீன் இருக்கும் குழாய்களையும் பத்து நிமிடம் அதில் நிற்க விடுங்கள். அயடீனை மட்டும் குளிரில் விட்டுவிட்டுப் பிறகு ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது. ஓட்டம் 4 இல் 20 மில்லிலீற்றர் குளிர்ந்த கரைசல் சேர்ந்தால் மொத்த வெப்பநிலை இறங்கிவிடும்.

சுடுநீரை வேறு அறையில் கேத்தலில் கொதிக்க வைத்துக் கொண்டுவாருங்கள். அசற்றோன் இருக்கும் மேசையில் மதுசார விளக்கு ஏற்றக்கூடாது. இன்னொன்று: நுவரெலியாவின் உயரத்தில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். வேறு பரிசோதனைகளில் கொதிநீர்த் தொட்டியின் வெப்பநிலையை 100 என்று எழுதாமல் வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள்.

5. கலத்தலும் நேரமெடுத்தலும்

அசற்றோன், அமிலம், நீர் மூன்றையும் குடுவையில் முதலில் சேருங்கள். அயடீனைக் கடைசியாக, ஒரே வீச்சில் ஊற்றி அக்கணமே கடிகாரத்தைத் தொடக்குங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் தொடக்க நேரம் எது என்று சொல்ல முடியாது. இலேசாகச் சுழற்றி, வெள்ளைத்தாளின்மேல் வைத்து, பக்கத்தில் நீர் நிரம்பிய இன்னொரு குடுவையோடு ஒப்பிடுங்கள். அயடீனின் மஞ்சள் முற்றாக மறையும் கணத்தில் நிறுத்துங்கள்.

நிறம் எப்படி மறைகிறது என்பதையும் கவனியுங்கள். அயடீன் குறையக் குறைய வேகமும் குறையும் தாக்கம் என்றால், கடைசி மஞ்சள் நெடுநேரம் இழுபடும், முடிவுக் கணத்தைச் சொல்வதே கடினமாகும். இங்கு அப்படி இல்லை. ஒரே சீராக வெளிறிக்கொண்டு வந்து சட்டென்று நீர்போலத் தெளிந்துவிடும். கணக்குப் போடுமுன்பே இது ஒரு துப்பு.

25 பாகையில் நேரங்கள் ஏறத்தாழ 223, 112, 112, 446 செக்கன் வர வேண்டும். 18 பாகையில் செய்தால் ஓட்டம் 1 க்கு எட்டரை நிமிடம் பிடிக்கும். உங்கள் எண்கள் இவற்றிலிருந்து விலகினாலும் ஓட்டங்களுக்கு இடையிலான விகிதம் சரியாக இருந்தால் போதும்.

6. நேரத்தை வீதமாக்குங்கள், நேரத்தையே ஒப்பிடாதீர்கள்

வீதம் = அயடீனின் தொடக்கச் செறிவு ÷ நிறம் மறைய எடுத்த நேரம்.

ஓட்டம் 1: 0.0010 ÷ 223 = 4.5 × 10⁻⁶ மூல் தெசிமீற்றர்⁻³ செக்கன்⁻¹ (ஒரு கன தெசிமீற்றர் என்பது ஒரு லீற்றர்). ஓட்டம் 2 உம் 3 உம்: 0.0010 ÷ 112 = 8.9 × 10⁻⁶. ஓட்டம் 4: 0.0020 ÷ 446 = 4.5 × 10⁻⁶.

நேரம் 223 இலிருந்து 446 ஆகிவிட்டதைப் பார்த்து, அயடீன் கூடியதால் தாக்கம் மந்தமானது, வரிசை மறை 1 என்று எழுதுவதுதான் இந்தப் பரிசோதனையில் மிக அதிகமாகக் காணும் பிழை. இரட்டிப்பு அயடீனைத் தீர்க்க இரட்டிப்பு நேரம் ஆயிற்று. வீதம் மாறவே இல்லை.

இனி ஒப்பிடுங்கள். 1 உம் 2 உம்: அசற்றோன் இரட்டித்தது, வீதமும் இரட்டித்தது, முதலாம் வரிசை. 1 உம் 3 உம்: அமிலத்துக்கும் முதலாம் வரிசை. 1 உம் 4 உம்: அயடீனுக்குப் பூச்சிய வரிசை.

வீதம் = க [அசற்றோன்] [ஐதரசன் அயன்]

க = 4.5 × 10⁻⁶ ÷ (0.80 × 0.20) = 2.8 × 10⁻⁵ மூல்⁻¹ தெசிமீற்றர்³ செக்கன்⁻¹. அலகை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணியுங்கள். மொத்த வரிசை மாறினால் அலகும் மாறும். வெப்பநிலை குறிக்காத வீத மாறிலிக்குப் பயன் இல்லை, பக்கத்திலேயே 25 பாகை என்று எழுதிவிடுங்கள்.

7. விதியை வாசிப்பது எப்படி

சமன்பாட்டில் இருக்கும் அயடீன் விதியில் இல்லை, சமன்பாட்டில் இல்லாத அமிலம் விதியில் இருக்கிறது. இது ஒரே படியில் நடக்கும் தாக்கம் அல்ல என்பது இத்துடன் முடிவாகிறது.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு ஒன்றுதான் என்றால், நிறுத்தபின் சாக்கை லொறியில் ஏற்ற எத்தனை பேர் நின்றாலும் மணிக்கு ஏறும் சாக்குகள் கூடாது. மெதுவான படிக்குப் பிறகு வரும் தாக்கி இந்த ஏற்றுபவர்களைப் போல. அதன் செறிவு வீத விதியில் வராது. அயடீனின் பூச்சிய வரிசை சொல்வது இதைத்தான்.

இதைவிடக் கூர்மையான கருவி ஒன்று உண்டு. வீத விதியின் மேற்பகுதியில் உள்ள துணிக்கைகளை அடுக்குக்கு ஏற்பக் கூட்டி, கீழ்ப்பகுதியில் உள்ளவற்றைக் கழித்தால், வீதத்தைத் தீர்மானிக்கும் படியின் தாண்டல் நிலையில் (சக்தித் தடையின் உச்சியில் உள்ள கணநேர நிலையில்) எந்த அணுக்கள் எத்தனை உள்ளன என்பது கிடைக்கும். இங்கு ஓர் அசற்றோனும் ஓர் ஐதரசன் அயனும். கரைப்பானுக்கு மட்டும் இது செல்லாது. நீரின் செறிவை நாம் மாற்றவில்லை, எனவே நீர் பங்குகொண்டதா என்பதை விதி காட்டாது.

8. பொறிமுறையை எழுதிச் சோதித்தல்

எந்தப் பொறிமுறையை எழுதினாலும் மூன்றைச் சரிபாருங்கள். படிகளைக் கூட்டினால் மொத்தச் சமன்பாடு வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒன்று அல்லது இரண்டு துணிக்கைகள் மோதினால் நல்லது, மூன்று மிக அரிது, நான்கை எழுதவே வேண்டாம். மெதுவான படியிலிருந்து பெறும் விதி அளந்த விதியோடு பொருந்த வேண்டும்.

மெதுவான படி முதலாவதாக இருந்தால் வேலை சுலபம். நைத்திரசன் ஈரொட்சைட்டும் காபனோரொட்சைட்டும் தாக்கும்போது, ஏறத்தாழ 225 பாகைக்குக் கீழே, வீதம் = க [நைத்திரசன் ஈரொட்சைட்டு]². காபனோரொட்சைட்டு விதியில் இல்லை. எனவே மெதுவான படியில் இரு நைத்திரசன் ஈரொட்சைட்டு மூலக்கூறுகள் மோதி, நைத்திரசன் மூவொட்சைட்டும் நைத்திரிக்கு ஒட்சைட்டும் உண்டாகின்றன. அடுத்த விரைவான படியில் மூவொட்சைட்டு தன் ஒட்சிசன் ஒன்றைக் காபனோரொட்சைட்டுக்குக் கொடுக்கிறது. மூவொட்சைட்டு ஒரு படியில் உண்டாகி மறு படியில் அழிகிறது, ஆகவே அது இடைநிலை. முதலில் சேர்த்துக் கடைசியில் திரும்பக் கிடைத்தால்தான் ஊக்கி. இந்த இரண்டையும் குழப்புபவர்கள் ஏராளம்.

9. மெதுவான படிக்கு முன் சமநிலை இருந்தால்

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகப் போவோம். அசற்றோனுக்கு மூன்று படிகள்:

- படி 1: அசற்றோன் ஐதரசன் அயனை ஏற்கிறது. விரைவு, மீளக்கூடியது.
- படி 2: புரோத்தன் ஏற்ற அசற்றோனின் காபனிலிருந்து நீர் ஓர் ஐதரசனைப் பிடுங்க, ஈனோல் (இரட்டைப் பிணைப்புள்ள காபனில் OH கூட்டம் கொண்ட வடிவம்) உண்டாகிறது. மெதுவானது.
- படி 3: ஈனோலை அயடீன் தாக்குகிறது. விரைவு.

மெதுவான படியைக் கொண்டு எழுதினால் வீதம் = க₂ [புரோத்தன் ஏற்ற அசற்றோன்], இங்கு க₂ படி 2 இன் வீத மாறிலி. இங்கேயே நிறுத்தினால் புள்ளி போகும். இடைநிலையின் செறிவை நாம் கலக்கவும் இல்லை, அளக்கவும் இல்லை, அதனால் அது விதியில் நிற்கக் கூடாது. படி 1 இன் சமநிலையிலிருந்து [புரோத்தன் ஏற்ற அசற்றோன்] = ச [அசற்றோன்] [ஐதரசன் அயன்], இங்கு ச சமநிலை மாறிலி. பிரதியிட்டால்:

வீதம் = க₂ ச [அசற்றோன்] [ஐதரசன் அயன்]

அளந்த விதியே வந்துவிட்டது. நாம் அளந்த க ஒரு தனி மாறிலி அல்ல, க₂ உம் ச உம் பெருகியது.

மறை வரிசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓசோன் பிரிகையைப் பாருங்கள். அளந்த விதி: வீதம் = க [ஓசோன்]² ÷ [ஒட்சிசன்]. முதலில் தாண்டல் நிலைக் கணக்கு: இரு ஓசோனில் 6 அணு, ஓர் ஒட்சிசன் மூலக்கூறின் 2 ஐக் கழிக்க 4 அணு. ஓர் ஓசோனும் தனி ஒட்சிசன் அணு ஒன்றும் மோதினால் சரியாக 4. ஆகவே படி 1 இல் ஓசோன் விரைவாக, மீளக்கூடியவாறு ஒட்சிசன் மூலக்கூறாகவும் அணுவாகவும் பிரிகிறது. படி 2 இல் அந்த அணு இன்னோர் ஓசோனை மெதுவாகத் தாக்குகிறது. சமநிலையிலிருந்து [அணு] = ச [ஓசோன்] ÷ [ஒட்சிசன்]. பிரதியிட, விதி கிடைக்கிறது. விளைவான ஒட்சிசன் கூடினால் படி 1 பின்னோக்கித் தள்ளப்படும், அணுக்கள் குறையும், தாக்கம் மந்தமாகும். விதியின் கீழ்ப்பகுதியில் ஒரு விளைவைக் கண்டால் முதலில் மீளக்கூடிய படி ஒன்றைத் தேடுங்கள்.

எந்தப் படி மெதுவானது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டால், இடைநிலை உண்டாகும் வீதமும் அழியும் வீதமும் சமம் என்று வைத்துத் தீர்க்கலாம். ஓசோனுக்கு அப்படிச் செய்தால் கீழ்ப்பகுதியில் க₋₁ [ஒட்சிசன்] + க₂ [ஓசோன்] என்று இரு உறுப்புகள் வரும் (க₋₁ என்பது படி 1 பின்னோக்கி நடப்பதன் வீத மாறிலி). முதல் உறுப்பு மிகப் பெரிதென்றால் மேலே பெற்ற விதியாகச் சுருங்கும். இந்த உறுதிநிலை முறை பல்கலைக்கழகத்தில் நிறையத் தேவைப்படும்.

10. விதி பொருந்தியது, இனி?

பொருந்தாத பொறிமுறையைத் தயங்காமல் வெட்டிவிடலாம். பொருந்துவதை நிரூபிக்கப்பட்டது என்று எழுத முடியாது.

நைத்திரிக்கு ஒட்சைட்டும் ஒட்சிசனும் தாக்கும் விதி: வீதம் = க [நைத்திரிக்கு ஒட்சைட்டு]² [ஒட்சிசன்]. மூன்று மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் மோதினாலும் இதுவே வரும். இரு நைத்திரிக்கு ஒட்சைட்டு முதலில் சமநிலையில் இணைந்து, பிறகு ஒட்சிசனை மெதுவாகத் தாக்கினாலும் இதுவே வரும். ஆனால் வெப்பநிலை கூடினால் இந்தத் தாக்கம் மந்தமாகிறது. முன்சமநிலை இருந்தால் இதை இலகுவாக விளக்கலாம்: இணைதல் புறவெப்பத்துக்குரியது (வெப்பத்தை வெளிவிடுவது), சூடாக்கினால் சமநிலை மாறிலி குறைகிறது, க₂ கூடுவதைவிட அது அதிகமாகக் குறைகிறது.

ஐதரசனும் அயடீன் ஆவியும் இதைவிடப் பெரிய பாடம். வீதம் = க [ஐதரசன்] [அயடீன்] என்பதால் இரு மூலக்கூறுகள் நேரே மோதும் ஒரே படி என்று நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள். 1967 இல் சலிவன் என்ற இரசாயனவியலாளர் ஒளியால் அயடீன் அணுக்களை உண்டாக்கிப் பார்த்தபோது, அந்த அணுக்கள் வழியாகவே தாக்கம் நடக்க முடியும் என்று தெரிந்தது. அயடீன் இரு அணுக்களாகப் பிரியும் சமநிலையை வைத்துப் பிரதியிட்டாலும் அதே விதிதான் வருகிறது.

அசற்றோனுக்கு வீத விதிக்கு வெளியே சான்று உண்டு. அயடீனுக்குப் பதில் புரோமீனைச் சேர்த்தாலும் வீதம் அதுவே. அலசன் (அயடீன், புரோமீன் போன்ற மூலகம்) மெதுவான படிக்குப் பிறகே வருகிறது என்ற நம் முடிவை இது தனியே தாங்குகிறது.

11. பயிற்சி

நைத்திரிக்கு ஒட்சைட்டும் ஐதரசனும் தாக்கி நைத்திரசனும் நீரும் தருகின்றன. சமன்பாட்டில் இரண்டுக்கும் குணகம் 2. அளந்த விதி: வீதம் = க [நைத்திரிக்கு ஒட்சைட்டு]² [ஐதரசன்].

முதல் யோசனை: ஒரு நைத்திரிக்கு ஒட்சைட்டும் ஓர் ஐதரசனும் மோதுவதே மெதுவான முதற்படி. இது [நைத்திரிக்கு ஒட்சைட்டு] [ஐதரசன்] என்ற விதியைத் தரும். வெட்டுங்கள்.

இரண்டாவது யோசனை: குணகங்களின்படி நான்கு மூலக்கூறுகள் ஒன்றாக மோதுகின்றன. இது ஐதரசனுக்கு இரண்டாம் வரிசை தரும், நான்கு துணிக்கை மோதலும் நடவாத காரியம். இதையும் வெட்டுங்கள்.

மூன்றாவது: இரு நைத்திரிக்கு ஒட்சைட்டு விரைவான சமநிலையில் இணைகின்றன. இணைந்தது ஓர் ஐதரசனுடன் மெதுவாகத் தாக்கி நைத்திரசு ஒட்சைட்டும் நீரும் தருகிறது. நைத்திரசு ஒட்சைட்டு இன்னோர் ஐதரசனுடன் விரைவாகத் தாக்கி நைத்திரசனும் நீரும் தருகிறது. கூட்டினால் சமன்பாடு வருகிறதா, பிரதியிட்டால் விதி வருகிறதா என்று நீங்களே எழுதிப் பாருங்கள். இணைந்த மூலக்கூறும் நைத்திரசு ஒட்சைட்டும் இடைநிலைகள், இரண்டும் இறுதி விதியில் தலைகாட்டக் கூடாது. மாறிலியின் அலகு மூல்⁻² தெசிமீற்றர்⁶ செக்கன்⁻¹.